மின் இரைச்சல் இல்லாத மேசை விளக்கு

உங்கள் வீட்டில் பேட்டரியில் பாடும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று இருந்தால், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இக்கட்டுரையைப் படியுங்கள். மத்திய அலையில், நிலையம் எதுவும் கேட்காத ஓர் இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். மெல்லிய சீறல் மட்டும் கேட்கும். இனி, எரிந்துகொண்டிருக்கும் எல்.இ.டி. பல்பு ஒன்றின் அருகே ரேடியோவைக் கொண்டுபோங்கள். சில பல்புகளின் அருகே ஒன்றும் நேராது. வேறு சில பல்புகளின் அருகே, தகர டப்பாவில் அடைபட்ட வண்டுபோல ரேடியோ இரையத் தொடங்கும். பல்பை அணைத்தால் இரைச்சல் அக்கணமே நின்றுவிடும்.

இரண்டு பல்புகளும் தருவது ஒரே வெள்ளை ஒளிதான். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. கூடத்திலோ சமையலறையிலோ எது எரிந்தாலும் நமக்குக் கவலையில்லை. ஆனால் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், உணர்கருவி என்று ஏதாவது செய்து பார்க்கும் ஆர்வமுள்ளவரின் மேசைக்கு மேல் அந்த இரையும் பல்பு தொங்கினால், அவர் செய்த நல்ல சுற்றும் கெட்ட சுற்றாகவே தோன்றும்.

நான் அப்படி ஒரு மாதத்தைப் பறிகொடுத்தவன். சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக் கோட்டைக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. சில ஆண்டுகளுக்கு முன் அதன் மாடியறையில் ஒரு மத்திய அலை ரேடியோவை நானே அமைத்தேன். ஒரு காலத்தில் இந்தக் கரையோர ஊர்களில் கணீரென்று கேட்ட இலங்கை வானொலி இன்னும் அகப்படுமா என்று பார்க்கும் ஆசைதான் காரணம். உப்புநீரின் மேல் மத்திய அலை அதிகம் வலுவிழக்காமல் பரவும் என்பதால் கடற்கரைக்காரருக்கு இது ஒரு வசதி. பெட்டி பேசியது, ஆனால் எல்லா நிலையங்களின் அடியிலும் ஓர் இரைச்சல். பி.எஃப். 194 டிரான்சிஸ்டர்களை மாற்றினேன். சுருளை அவிழ்த்து மறுபடி சுற்றினேன். பற்றாசு வைத்த இடங்களையெல்லாம் மீண்டும் சூடாக்கினேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஓரிரவு மின்சாரம் போயிற்று. பேட்டரியில் ஓடிய பெட்டி மட்டும் இருட்டில் தெளிவாகப் பாடியது! மேசையில் வேலை நன்றாகத் தெரியட்டும் என்று அந்த மாதந்தான் புதிதாக ஒரு விளக்கு வாங்கி மாட்டியிருந்தேன். குற்றவாளி அதுவே.

என் இழப்பு ஒரு மாதம். பள்ளியில் படிக்கும் ஒரு பையனோ பெண்ணோ இந்த இடத்தில் இருந்தால், 'எனக்கு இது வராது' என்று பற்றவைப்புக் கோலையே மூலையில் போட்டுவிடக்கூடும்.

மின் இரைச்சலைத் தவிர்ப்பதை ஒரு தனிக் கலையாகவே பயில்கிற இடம் ஒன்று எங்கள் ஊரை ஒட்டியே இருக்கிறது. கல்பாக்கத்தில் 1971-இல் அணு உலை ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி, 1985-இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் மாறிய நிறுவனம் அது. அணு உலை ஆராய்ச்சியுடன், மூளையும் இதயமும் பிறப்பிக்கும் காந்தப்புலத்தை அளக்கும் கருவிகளையும் அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். 'ஸ்க்விட்' எனப்படும் மீக்கடத்தி உணர்கருவிகளை, சுழிக்குக் கீழ் 269 டிகிரி செல்சியஸில் இருக்கும் திரவ ஹீலியத்தில் அமிழ்த்தி இந்த அளவீட்டைச் செய்கிறார்கள். நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. மூளையின் புலமோ அதில் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவே. தெருவில் போகும் ஒரு லாரியின் இரும்புகூட அதை மூழ்கடித்துவிடும். ஆகவே மியூமெட்டல் என்ற கலப்புலோகத் தகடுகளாலும் அலுமினியத் தகடுகளாலும் சுவரெழுப்பிய ஓர் அறைக்குள் அளவீடு நடக்கிறது. மெதுவாக மாறும் காந்தப்புலத்தை மியூமெட்டல் தன் வழியே இழுத்து வளைத்து அனுப்பிவிடும். வேகமாக மாறுவதை, அலுமினியத்தில் எழும் சுழல் மின்னோட்டங்கள் தடுக்கும்.

இத்தகைய அறை எந்த நாட்டில் இருந்தாலும் அதன் விளக்கைப் பற்றிய விதி ஒன்றே. ஒளி உள்ளே வரலாம். அலைபாயும் மின்னோட்டம் உள்ளே வரக்கூடாது. மின்சாரத்தை விளக்குக்கு ஏற்றவாறு மாற்றும் கருவியை வெளியே வைத்து, அமைதியான நேர்திசை மின்னோட்டத்தை மட்டுமோ, கண்ணாடி இழை வழியே வெறும் ஒளியை மட்டுமோ உள்ளே செலுத்துவார்கள். நம் மேசைக்கு வேண்டிய யோசனையும் இதுதான். மியூமெட்டல் வாங்க நம்மால் ஆகாது. ஆனால் அந்த மாற்றும் கருவியை மேசையைவிட்டு அப்புறப்படுத்த நம்மால் முடியும்.

அப்படி அந்த மாற்றும் கருவி என்னதான் செய்கிறது? எல்.இ.டி. ஒன்றை வெள்ளையாக ஒளிரச் செய்ய 3 வோல்ட் அளவு போதும். வீட்டு மின்சாரமோ 230 வோல்ட், வினாடிக்கு 100 முறை திசை மாறுவது. பல்பின் அடிப்பாகத்தில் உள்ள சிறு சுற்று முதலில் இதை ஒருதிசையாக்குகிறது. பிறகு ஒரு டிரான்சிஸ்டரை வினாடிக்கு 50 ஆயிரம், 60 ஆயிரம் முறை என்று திறந்து மூடி, வேண்டிய அளவு மின்னோட்டத்தை மட்டும் அளந்து விடுகிறது. ஏற்றம் இறைப்பவர் வாளி வாளியாக மொண்டு ஊற்றுவதுபோல என்று கொள்ளுங்கள். மின்சாரம் வீணாகாமல் இருப்பது இந்த முறையின் பெருமை. இரைவது இதன் சிறுமை. திறப்பதும் மூடுவதும் வெடுக்கென்று நடப்பதால், 60 கிலோஹெர்ட்ஸ் அலையோடு அதன் மடங்குகளும் பிறக்கின்றன: 120, 180, 240 என்று. இதன் பன்னிரண்டாம் மடங்கைக் கணக்கிட்டுப் பாருங்கள். 720 கிலோஹெர்ட்ஸ், அதாவது சென்னை வானொலி நெடுங்காலமாக ஒலித்துவந்த இடம்! உண்மையில் இந்த அதிர்வெண் ஓரிடத்தில் நில்லாமல், மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தோடு வினாடிக்கு 100 முறை தள்ளாடும். அந்த 100 தான் வண்டின் குரலாக நம் காதில் விழுகிறது.

இரைச்சல் மேசைக்கு வரும் வழிகள் மூன்று. முதலாவது மின்கம்பி. பல்பு அதைக் கம்பிக்குள் திருப்பி ஏற்றிவிடும்; அது அடுத்த அறைவரை ஓடும். இரண்டாவது காந்தப்புலம். சிறு சுருளிலிருந்து எழும் காந்தப்புலம் தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறையும்; தொலைவை இரட்டித்தால் எட்டில் ஒன்றாகிவிடும். மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது: வெற்றிடத்தில் ஒளிந்திருக்கும் மின்தேக்கி. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் எந்த இரண்டு கடத்திகளும், நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஒரு மின்தேக்கிதான். விளக்குக் கம்பிக்கும் உங்கள் சுற்றின் உள்ளீட்டுக்கும் இடையே ஒரு பிக்கோஃபாரட் இருப்பதாகக் கொள்வோம். 50 ஹெர்ட்ஸுக்கு அது ஏறக்குறைய 318 கோடி ஓம் தடை. 230 வோல்ட் அதன் வழியே தள்ளக்கூடிய மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் நூறு கோடியில் 72 பங்குதான். மிகச் சிறிது என்று தோன்றுகிறதல்லவா? அது ஒரு மெகாஓம் உள்ளீட்டில் விழுந்தால் 72 மில்லிவோல்ட்! ஆசிலாஸ்கோப்பின் முனையை விரலால் தொட்டதும் திரையில் மலைமலையாய் அலை எழுவது இதனால்தான். அதே ஒரு பிக்கோஃபாரட், 60 கிலோஹெர்ட்ஸுக்கு 26 லட்சம் ஓம் அளவே தடை காட்டும். அதாவது 1200 மடங்கு அகலத் திறந்த கதவு. சில வோல்ட் அளவே துள்ளும் ஒரு பல்பு, 230 வோல்ட் கம்பியைவிட ஏன் அதிகம் தொல்லை தருகிறது என்பது இப்போது விளங்கும்.

கடைக்குப் போகுமுன் சோதனைமுறையைச் சொல்லிவிடுகிறேன். ரேடியோவைப் பேட்டரியில் வைத்து, 600 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வெற்றிடம் பார்த்து நிறுத்துங்கள். வீட்டின் மெயின் சுவிட்சைப் பெரியவர்களிடம் சொல்லி அணைக்கச் செய்யுங்கள். அப்போதும் கேட்கும் இரைச்சல் வெளியிலிருந்து வருவது. அதற்கு உங்கள் விளக்கைக் குறை சொல்லாதீர்கள். பிறகு ஒவ்வொரு பொருளாகப் போட்டுப் பாருங்கள். விளக்கிலிருந்து எத்தனை அடி விலகினால் இரைச்சல் மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பல்புக்கு அரை அடி, இன்னொன்றுக்கு ஆறடி என்று வரும். இந்த எண்தான் உங்கள் தரப்பட்டியல். பெட்டிக்குள் இருக்கும் ஃபெரைட் குச்சியின் முனை, இரைச்சல் வரும் திசையை நோக்கும்போது ஒலி தணியும். பெட்டியைச் சுழற்றிப் பார்த்தால், இரைவது பல்பா அல்லது சுவரில் ஓடும் கம்பியா என்பதுகூடத் தெரிந்துவிடும். கடைக்காரர் இசைந்தால் ரேடியோவைக் கடைக்கே கொண்டுபோகலாம். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

விளக்குகளின் இரைச்சலுக்கு வரம்பு கட்டும் சிஸ்பர் 15 என்ற பன்னாட்டு விதிமுறை 9 கிலோஹெர்ட்ஸிலிருந்தே தொடங்குகிறது. அதற்கான அளவீடுகளைச் செய்யும் ஆய்வுக்கூடம் நமக்குத் தொலைவிலும் இல்லை. சென்னைத் தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. ஆனால் விதிமுறையின் நோக்கம் அண்டைவீட்டு ரேடியோவைக் காப்பது. ஓரடித் தூரத்தில், மூடியில்லாமல் கிடக்கும் உங்கள் சுற்றைக் காப்பதாக அது வாக்குக் கொடுக்கவில்லை. சான்று பெற்ற பல்பையும் நம் ரேடியோவால் சோதித்தே வாங்கவேண்டும்.

பழைய குண்டு பல்பு அமைதியில் தலைசிறந்தது. அது வெறும் சூடான கம்பி. திறப்பது மூடுவது எதுவும் இல்லை. ஹோல்டரில் தொடுமுனை தளர்ந்து பொறி விட்டாலன்றி இரையாது. மின்தடைகளின் வண்ண வளையங்களை அதன் ஒளியில் பார்ப்பது தனிச் சுகம்: பழுப்பு பழுப்பாகவும் சிவப்பு சிவப்பாகவும் இருக்கும். மலிவான எல்.இ.டி.யின் கீழ் இவ்விரண்டும் மயங்கி, 100 ஓம் என்று எண்ணி 200 ஓமை வைத்துவிடுவோம். ஆனால் 60 வாட்டில் பெரும்பகுதி வெப்பமாகவே போகிறது. கத்திரி வெயிலில் செங்கல்பட்டு மாவட்டத்து மாடியறை ஒன்றில் அதைத் தலைக்கு மேல் எரியவிட்டு ஒருமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், பிறகு பேசுவோம்.

சோக்கும் ஸ்டார்ட்டரும் கொண்ட பழைய டியூப் லைட்டில், குழாயினுள் மின்பொறிவு வினாடிக்கு 100 முறை அணைந்து பற்றுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு வெடிப்பொலி. ஸ்டார்ட்டருக்குள் ஒரு சிறு மின்தேக்கி இருப்பதைப் பிரித்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். அது இந்த ரேடியோ இரைச்சலை அடக்க வைத்ததுதான். எலெக்ட்ரானிக் சோக்கும் சி.எஃப்.எல். விளக்கும் எல்.இ.டி. பல்பின் மூத்த உறவினர்கள், மேசைக்கு வேண்டாம்.

மெயின்ஸ் எல்.இ.டி. பல்புகளிலும் எல்லாம் ஒரு சாதியல்ல. சிலவற்றில் திறந்து மூடும் சுற்றுக்குப் பதிலாக, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சாதாரண சில்லு இருக்கும். அவை ரேடியோ அலைகளில் சாதுவானவை. வினாடிக்கு 100 முறை ஒளி துடிக்கும், அவ்வளவுதான். இன்னும் மலிவான சிலவற்றில், ஒரு மின்தேக்கியை மட்டும் தொடரில் போட்டு மின்னோட்டத்தைக் குறைத்திருப்பார்கள். இவையும் அதிகம் இரைவதில்லை. ஆனால் இவற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். இவ்விரண்டு வகையிலும் வீட்டு மின்சாரத்துக்கும் எல்.இ.டி. தகட்டுக்கும் இடையே டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. பார்வைக்கு 3 வோல்ட் எல்.இ.டி.; தொட்டால் 230 வோல்ட். பல்பை உடைத்துத் தகட்டை எடுத்து மேசை விளக்காக்கும் வேலையை ஒருபோதும் செய்யாதீர்கள்.

இதனினும் கொடிய பழக்கம் ஒன்று உண்டு. திரையில் இரைச்சல் வருகிறதென்று, ஆசிலாஸ்கோப்பின் பிளக்கிலுள்ள எர்த் முனையைக் கழற்றிவிடுவது. இரைச்சல் சில வேளை குறையவும் செய்யும். அதனால்தான் இந்தப் பழக்கம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது. ஆனால் உள்ளே ஏதேனும் பழுதானால், நீங்கள் பிடித்திருக்கும் உலோகப் பெட்டி முழுவதும் உயிர்க்கம்பியாகிவிடும். இரைச்சலை அது பிறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். எர்த்தைத் தொடாதீர்கள்.

சரி, எந்த விளக்குத்தான் வைப்பது? நான் இப்போது வைத்திருப்பது கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை. அதில் மூன்று எல்.இ.டி.யும் ஒரு மின்தடையும் தொடராக இணைந்து, அத்தகைய தொகுதிகள் பல பக்கவாட்டில் இணைந்திருக்கும். திறப்பது மூடுவது எதுவும் அதற்குள் இல்லை. நேர்திசை மின்னோட்டம் கொடுத்தால், எரிகிறதா இல்லையா என்று ரேடியோவால் சொல்லவே முடியாது. மீட்டருக்கு 60 எல்.இ.டி. கொண்ட சாதாரணப் பட்டை, மீட்டருக்கு 0.4 ஆம்பியர் அளவு எடுக்கும். இரண்டு மீட்டரை நான்கு துண்டாக வெட்டி, வெட்டுக்குறி உள்ள இடத்தில் மட்டுமே வெட்டி, அலுமினியக் கோணத்தில் ஒட்டினால் மேசை முழுவதும் நிழலில்லாத ஒளி கிடைக்கும். நிறம் காட்டும் எண் 90 என்று குறித்த பட்டை கிடைத்தால் சற்று விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். வளையங்களின் வண்ணம் நேராகத் தெரியும்.

பட்டையோடு சேர்த்துக் கடைக்காரர் ஓர் அடாப்டரும் தருவார். அதை வாங்காதீர்கள். பல்பின் அடியில் இருந்த அதே திறந்து மூடும் சுற்று, பெரிய உருவத்தில் அதற்குள் இருக்கிறது. ஒளியைக் குறைக்கக் கூட்டத் தரும் ரிமோட் பெட்டியும் வேண்டாம். அதுவும் மின்னோட்டத்தை வெட்டி வெட்டித்தான் ஒளியைக் குறைக்கிறது. குறைந்த ஒளி வேண்டுமானால் ஒரு துண்டை அணைத்துவிடுங்கள்.

மின்சாரத்துக்கு எளிய வழி 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மூடிய ஈய-அமில பேட்டரி. 0.8 ஆம்பியரில் ஒரு மாலைப்பொழுது முழுவதும் தாராளமாக எரியும். வேலை முடிந்தபின் சார்ஜ் செய்யுங்கள். எரியும்போது சார்ஜரைக் கழற்றி வையுங்கள். பேட்டரியின் முனையை ஒட்டியே 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று அவசியம். பேட்டரி சிறிதுதான், ஆனால் குறுக்கே கம்பி பட்டால் அந்தக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிவிடும். வீட்டு இன்வெர்ட்டரின் பெரிய பேட்டரியிலிருந்து நேரே கம்பி இழுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கம்பி இன்வெர்ட்டரின் இரைச்சலையும் சேர்த்துக் கொண்டுவரும்.

பேட்டரி வேண்டாம் என்பவர்கள் பழையமுறை மின்வழங்கி ஒன்று செய்துகொள்ளலாம்: 15 வோல்ட், 2 ஆம்பியர் இரும்புக்கரு டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டையோடுகள், 4700 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 7812 சீராக்கி. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரே போதாதா என்றால், மாலையில் மின்னழுத்தம் தாழும்போது 7812-க்குத் தலைக்கு மேல் இடமில்லாமல் போகும். 15 வோல்ட் வைத்தால் அது ஏறக்குறைய 6 வாட் வெப்பத்தைச் சுமக்கவேண்டும். ஆகவே நல்ல பெரிய வெப்பத்தகடு கொடுங்கள். ஒவ்வொரு டையோடுக்கும் இணையாக 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவையுங்கள். டையோடுகளும் வினாடிக்கு 100 முறை மூடித் திறப்பவைதாம். அவற்றின் சிறு துள்ளலை இது விழுங்கும். 230 வோல்ட் பக்கத்து வேலையை, அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியன் கூட இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். பெட்டி உலோகமாயின் எர்த்துடன் இணைக்கவேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மருக்கும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் உண்டு. ஆகவே மின்வழங்கியை மேசைமேல் வைக்காமல் அறையின் மூலையில், ஆறடி தள்ளி வையுங்கள். மும்மடி விதி உங்களுக்காக வேலை செய்யும். அங்கிருந்து விளக்குக்கு வரும் இரு கம்பிகளையும் கயிறுபோல முறுக்கிவிடுங்கள். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றன் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும்.

விளக்கை மாற்றியும் இரைச்சல் போகவில்லையா? தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியைப் பாருங்கள். குமிழைத் திருகினால் வேகம் சீராகக் கூடும் வகை ரெகுலேட்டர், டிரையாக் என்ற சாதனத்தால் ஒவ்வோர் அலையையும் பாதியில் வெட்டுகிறது. அது எந்தப் பல்பையும் தோற்கடிக்கும். படிப்படியாக 1, 2, 3, 4 என்று மாறும் மின்தேக்கி ரெகுலேட்டர் அமைதியானது. நம் தாத்தா காலத்துச் செங்கல் அளவு பெட்டி, உள்ளே மின்தடைக் கம்பி சுற்றியது, அதுவும் அமைதியானதே.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு மட்டும் இன்னும் ஒன்று. எங்கள் ஊரில் பனி இறங்கும் இரவுகளில், விளக்கு விசிறி எல்லாம் அணைந்திருந்தாலும் ரேடியோ பொரிகிற சத்தம் கேட்கும். தெருக் கம்பத்துப் பீங்கான்களில் படிந்த கடலுப்பு ஈரம் குடித்து, மின்சாரம் மேற்பரப்பில் கசிவதால் வருவது அது. ஒரு நல்ல மழை கழுவியதும் நின்றுவிடும். அதே உப்பு நம் பட்டையின் செம்பு முனைகளிலும் ஓராண்டுக்குள் பச்சைக் களிம்பாகப் பூத்து, தொடுமுனையைத் தளர்த்தி, அமைதியான விளக்கையும் இரையச் செய்யும். கம்பிகளைக் கிளிப் போட்டு இணைக்காமல் பற்றாசு வைத்தே இணையுங்கள். அதன்மேல் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்து, ஓரிரவு உலரவிட்ட பிறகு மாட்டுங்கள்.